மேட்டுப் பங்கு

யார் யாருடைய நிலத்துக்கோ வரப்பு போட்டுப் போட்டு அவளுடைய கழுத்து ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு நின்றது. மண்வெட்டி பிடித்து அல்ல, மவுஸ் பிடித்து. மேலேயிருந்து எடுத்த படம் திரையில் விரிந்து கிடக்கும். வயல் எங்கே முடிகிறது என்று பார்த்துப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே போய், கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு சேர்த்தால் ஒரு வயல் ஆயிற்று. அதன்மேல் மண் வகைக்கு ஒரு அடுக்கு, தண்ணீர் ஓடும் போக்குக்கு ஒரு அடுக்கு, மேடு பள்ளத்துக்கு ஒரு அடுக்கு. டிக் போட்டால் தெரியும், எடுத்தால் மறையும். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்கு என்னவோ சுகமாகத்தான் இருக்கும். செய்து பார்த்தவளுக்குத்தான் தெரியும், சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால்கூட வெளியே பார்க்கப் பிடிக்காது. கண்ணில் படுகிற காலிமனைக்கெல்லாம் விரல் தானாகப் புள்ளி வைக்கும்.

ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மாடியில். ரப்பர் வாசனை படியேறி வந்து டிபன் பாக்ஸுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். அவள் புருஷன் கொத்தனார். அவளுக்கு அவர் வைத்த பேர் வரப்புக்காரி. ஊரான் நிலத்துக்கு அவள் வரப்பு போட்டாள், ஊரான் வீட்டுக்கு அவர் சுவர் வைத்தார். இரண்டு பேரும் குடியிருந்தது வாடகை வீட்டில். அதையும் வீட்டுக்காரர் தன் மகனுக்கு வேண்டும் என்று காலி பண்ணச் சொல்லியிருந்தார். அது எத்தனையாவது வீடு என்று எண்ணுவதைக் கொத்தனார் எப்போதோ விட்டுவிட்டார். சாமான் கட்டுகிற அட்டைப்பெட்டிகளை மட்டும் தூக்கிப் போடாமல் மடித்துக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தார்.

அம்மா வழியில் வந்த நிலம் ஒன்று அக்காவுக்கும் அவளுக்கும் பொதுவில் கிடந்தது. இரண்டு பேரும் வளர்ந்ததெல்லாம் டவுனில். நிலத்தை ஒரு கான்ட்ராக்டர் குத்தகைக்கு எடுத்து வருஷக்கணக்கில் மக்காச்சோளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வேறு பக்கம் பெரிய இடம் பார்த்துப் போய்விட, நிலம் திரும்பி வந்தது. புருஷன்மாரோடு நாலு பேருமாகப் போய்ப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தட்டு மாதிரி ஒரே சமம். முன்னால் தார் ரோடு, பின்னால் மண்பாதை. குறுக்கே ஒரு வரப்பு ஓடி முன்பாதி, பின்பாதி என்று ஏற்கனவே பிரித்து வைத்திருந்தது. பயிர் அறுத்துக் காய்ந்த தரையில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தாள். கட்டை குத்துகிறது என்று திரும்பி வந்துவிட்டாள்.

அக்காவின் வீட்டில் நிலைமை வேறு. மாமா வேலை செய்த பாட்டில் பேக்டரியை மூடிவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் ஷிப்டுக்குப் போன மனுஷர், பகலில் வீட்டில் இருப்பது எப்படி என்று தெரியாமல் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அக்கா தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பாள், அவர் விழுந்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். நிலம் வந்தது என்றதும்தான் முகத்தில் களை வந்தது. பப்பாளி போடுகிறேன் என்றார். படித்தார், விசாரித்தார், நாலு தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்து வந்தார். பப்பாளிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆனால் காலில் தண்ணீர் நிற்கக் கூடாது, நின்றால் வேர் அழுகி மரமே சாய்ந்துவிடும் என்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கொத்தனாருக்கோ ஒரே ஆசை. ரோட்டோரம் ஒரு வீடு, நாமே கட்டி நாமே இருக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் சின்ன வயதிலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. எதையாவது பங்கு போட்டால், வெட்டினவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும். சோப்புக் கட்டியானாலும் சரி, ஆரஞ்சுப் பழமானாலும் சரி. அம்மா வைத்த சட்டம். நிலத்தின் படத்தில் கோடு போட்டவள் தங்கை என்பதால், முதலில் எடுக்க வேண்டியது அக்கா வீடு.

பங்கு பிரிப்பதற்காக அவள் ஆபீஸிலிருந்த பழைய ட்ரோன் படத்தைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, மேடு பள்ளம் தெரிகிற மாதிரி சாய்த்து நிறுத்திய காட்சியாகச் செய்துகொண்டு போனாள். நிலம் தட்டையாக இருந்தால் வித்தியாசம் தெரியாது, அதனால் உயரத்தைக் கூட்டிக் காட்டச் சொன்னாள். முதலில் வந்தது சொரசொரவென்று பார்க்கச் சகிக்கவில்லை. அக்கா, மாமா பார்க்கப்போகிறார்களே என்று வழவழப்பாக்கும் பட்டனை ஒரு தடவை அமுக்கினாள். போதவில்லை என்று இன்னொரு தடவை. ஆபீஸ் வேலையாக இருந்தால் தொட்டிருக்க மாட்டாள். சொந்த வேலை என்பதால் அழகு பார்த்தாள்.

பின்பாதி பச்சையும் மஞ்சளுமாக மெல்ல எழும்பி, அழகான மேடாகத் திரையில் நின்றது. மாமா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தார் ரோடு எனக்கு எதுக்கு பாப்பா, தண்ணி வடியற இடம்தான் எனக்கு வேணும் என்றார். பின்பாதி அவருக்கு. அந்தப் படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு டீக்கடையில் எல்லாரிடமும் காட்டினார். நாற்று வாங்கி வந்து மாடிப்படி முழுக்க வரிசையாக வைத்துவிட்டார். மேலே குடியிருக்கிறவர்கள் ஒரு காலைத் தூக்கி ஒரு காலை வைத்துப் படியேறினார்கள்.

கொத்தனார் முன்பாதியில், ரோட்டைப் பார்த்து நடுவாக, முளை அடித்துக் கயிறு கட்டிவிட்டு வந்தார். பள்ளம்தானே, அஸ்திவாரத்தைத் தூக்கிப் போட்டுக்கலாம் என்றவர், குழி தோண்டிப் பார்த்துவிட்டு, பள்ளம்னு பேரு, ஆனா ஈரமே காணோமே என்று சந்தோஷமாகச் சொன்னார். அவளும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டாள். ஆசைக்கு ஒரு சின்னச் சதுரம் வரைந்து, வீடு என்று பேர் வைத்து, தனி அடுக்காகப் படத்தில் போட்டு வைத்தாள். பத்திரம் பதிகிற வேலை மட்டும்தான் பாக்கி.

வந்தது வினை ஒரு சாதாரண நாளில். வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவளுடைய சூப்பர்வைசருக்கு ஆபீஸில் பேர் நிதானம். எதைச் சொன்னாலும் நிதானமா பாருங்க என்றுதான் ஆரம்பிப்பார். அவள் முடித்து வைத்த யாருடையதோ ஒரு வயலைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"நிதானமா பாரும்மா. இந்த மேட்டுக்கு நாலு மூலையும் கத்தி வச்சு வெட்டின மாதிரி இருக்கு. மேடு எங்கயாவது சதுரமா இருக்குமா? பயிர் நிக்கிறப்பப் பறந்து எடுத்திருக்காங்க. பயிரோட உச்சியத் தரைன்னு எடுத்துக்கிச்சு. வேற தேதில எடுத்தது இருக்கும், அதைப் போடு."

இது முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். ட்ரோனுக்குத் தரை தெரியாது, மேலே நிற்பதுதான் தெரியும். அவள் சரி சார் என்று தலையாட்டினாள். தன் நாற்காலிக்குத் திரும்பி வருவதற்குள் அவளுக்குத் தன் வீட்டு நிலத்தின் படம் ஞாபகம் வந்துவிட்டது.

மற்றவர்கள் சாப்பிடப் போனதும் அவள் தன் வீட்டு நிலத்தைத் திறந்தாள். வழவழப்பை எடுத்தாள். பின்பாதி மேடு சரேலென்று கூர்மையாயிற்று. வரப்பை ஒட்டி ஸ்கேல் வைத்து வெட்டின மாதிரி ஒரு செங்குத்து ஓரம். மேலே சீப்பால் வாரினது போல வரிவரியாக மக்காச்சோளப் பாத்தி. படம் எடுத்த அன்று கான்ட்ராக்டர் முன்பாதியை அறுத்துவிட்டிருக்கிறார், பின்பாதியில் பயிர் இடுப்பளவு நின்றிருக்கிறது. மாமா எடுத்துக்கொண்டது அந்த இடுப்பளவைத்தான். அறுவடைக்குப் பிறகு பக்கத்து நிலத்துக்காக எடுத்த இன்னொரு படத்தின் ஓரத்தில் இவர்களுடைய நிலமும் விழுந்திருந்தது. அதைத் தேடிப் போட்டாள். முன்பாதிதான் மேடாக இருந்தது, பின்பாதி உள்வாங்கிக் கிடந்தது. நாலா பக்கத்திலிருந்தும் தண்ணீர் காட்டும் நீல அம்புகள் அதற்குள்ளேயே ஓடி வந்து நின்றன, வெளியே போக வழியில்லாமல். ஒரு மழைக்காலம் போதும், பப்பாளி அத்தனையும் போய்விடும். டிபன் பாக்ஸை அவள் திறக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் கொத்தனார் குளித்துவிட்டு வந்து, சிமெண்ட் தின்ற விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். அவர் கேட்டார், சாப்பிட்டார், மறுசோறு கேட்கவில்லை. தட்டிலேயே கையைக் கழுவினார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப உன்னோடயே இருக்கட்டும். அவராத்தானே எடுத்தாரு? நாமளா திணிச்சோம்? மொதல்ல எடுத்தது அவங்கதானே?"

"நான் காட்டினதைப் பாத்துத்தானே எடுத்தாரு."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். பிறகு கோபமே இல்லாத குரலில், களைத்துப்போய்ப் பேசினார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஊர்ல எத்தனை பேருக்கு அஸ்திவாரம் போட்டேன், நமக்குன்னு ஒரு கயிறு கட்டினது இதுதான் மொதத் தடவை என்றார். ரோடும் நமக்கு, மேடும் நமக்குன்னு அதுவா வந்திருக்கு, அதைப் போய்க் கெடுப்பியா என்றார். உங்க மாமா விவரமானவர், தண்ணி நின்னா வடிகால் வெட்டிக்குவாரு என்றார். எங்கே வடிகால் வெட்டுவது, நாலு பக்கமும் அதைவிட மேடு என்று அவள் சொல்லவில்லை. அவருக்கே தெரியும். மேஸ்திரிகளுக்கெல்லாம் மட்டம் பார்த்துக் கொடுக்கிற மனுஷர்.

ராத்திரி முழுக்கத் தூறல் நிற்கவில்லை. தூங்கினார்களா என்று கேட்டால் இரண்டு பேரும் தூங்கினேன் என்றுதான் சொல்வார்கள். காலையில் அவர் சாந்துச் சட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று, ஞாயித்துக்கிழமை நாத்து நடறாராமே என்றார். ஆமாம் என்றாள். சட்டியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் ஆபீஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். கொத்தனார் வர மாட்டார் என்று நினைத்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பஸ்ஸில் லேப்டாப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

படியில் நாற்றுகளுக்கு நடுவே கால் வைத்து ஏறினார்கள். மாமா புதுச் செருப்பு, புதுத் தொப்பி, மண்வெட்டி எல்லாம் கதவோரம் எடுத்து வைத்திருந்தார். அக்கா டீ போட்டுக் கொண்டுவந்தாள். மாமா உற்சாகமாக, மேட்டில் எந்தப் பக்கத்திலிருந்து நட ஆரம்பிக்கலாம் என்று கேட்டார். கொத்தனார் ஜன்னலோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்தார்.

சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. படத்தைத் திறந்தாள்.

"மாமா, அது மேடு இல்ல. மக்காச்சோளம்."

அவருக்குப் புரியவில்லை. பொறுமையாகச் சொன்னாள், ட்ரோன், பயிர், தேதி, தான் அமுக்கின பட்டன் எல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டே வந்து, நான் என் கண்ணால பாத்தேனே பாப்பா என்றார். அவள் பழைய அடுக்கின் டிக்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை. அறுத்த தரை, அதில் ஒரு பெரிய குழிவு, குழிவுக்குள் நீல அம்புகள். அக்கா கையிலிருந்த டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தாள். மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார்.

மேல் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு நட்டிருந்தா?"

"எல்லாம் போயிருக்கும்கா."

"எப்பத் தெரியும் உனக்கு?"

அவள் சொன்னாள். இடையில் இருந்த நாட்களை அக்கா மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. ஒரு பார்வை ஜன்னலோரத்துக்குப் போய்த் திரும்பியது. ஆனால் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம், திட்டியிருக்கலாம், ஒரு அறைகூட விட்டிருக்கலாம். தங்கைக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

"முன்பாதிய நீங்க எடுத்துக்குங்க மாமா," என்றாள். "இன்னும் பத்திரம் பதியல. ஒண்ணும் ஆகல."

ஜன்னலோரத்தில் நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. கொத்தனார் திரும்பவில்லை.

"அதெப்படி?" என்றார் மாமா. "மொதல்ல எடுத்தது நான். எடுத்துட்டு, இப்ப வேணாம், மாத்திக்கொடுன்னு நிப்பனா? தம்பி அங்க கயிறு கட்டிட்டு வந்திருக்கு. நான் போய் அறுப்பனா?"

பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டார்:

"பாப்பா, அந்த மேட்டை இன்னொரு தடவை போடேன்."

அவள் போட்டாள். வழவழப்போடு, பழையபடி. பச்சையும் மஞ்சளுமாக அது எழும்பி நின்றது. மாமா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பேக்டரி கேட்டைக் கடைசியாகப் பூட்டின அன்றுகூட அவர் அப்படித்தான் நின்று பார்த்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "எங்க அமுக்கணும்?"

அவள் காட்டின இடத்தில் அவரே அமுக்கி அந்த அடுக்கை எடுத்தார். மேடு போயிற்று.

அப்புறம்தான் கேள்வி கேட்க ஆரம்பித்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, முன்பாதி எவ்வளவு தூரம் மேடு, வரப்பை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று. ஷிப்டில் மெஷின் நின்றால் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்பாராம். வரப்பு இருக்கிறது என்பதற்காகத்தானே குறுக்கே பிரித்தோம், ரோட்டிலிருந்து மண்பாதை வரைக்கும் நெடுக்கே பிரித்தால் மேட்டிலும் ஆளுக்குப் பாதி, பள்ளத்திலும் ஆளுக்குப் பாதி வருமே என்றார். அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாள் பூராவும் இருக்கிற வரப்பின்மேலேயே கோடு போட்டுப் பழகின கை. அவள் மவுஸை எடுத்தாள்.

"நீ போடாத," என்றார் மாமா. "நான் போடறேன். கோடு போட்டவங்க கடைசியாத்தானே எடுக்கணும்? இந்தத் தடவை நீ மொதல்ல எடு."

மவுஸ் பிடிக்கத் தெரியாது அவருக்கு. தவலை மூடியை அழுத்துவது மாதிரி உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். புள்ளி விழுந்த சத்தத்துக்கே திடுக்கிட்டார். அவள் அடுக்குகளையெல்லாம் தெரிகிற மாதிரி போட்டுவிட்டு விலகி நின்றாள். மண்பாதையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு புள்ளியாக ரோட்டை நோக்கி வந்தார். பாதிக்கு மேல் நேராகத்தான் வந்தது. ரோட்டை நெருங்குகிற இடத்தில் கோடு ஒரு பக்கமாக வளைந்தது, வளைந்து சுற்றிக்கொண்டு போய் ரோட்டில் முடிந்தது. பாவம், கை நடுங்கிவிட்டது என்று நினைத்தாள்.

"விடுங்க மாமா, நான் நேராக்கித் தர்றேன். இந்த வளைவுல மேட்டுப் பக்கம் உங்களுக்குத்தான் கொறையுது."

"நேராக்காத," என்றார். நடுவிரலால் திரையைத் தொட்டுக் காட்டினார். அவர் காட்டின இடத்தில் அவள் ஆசைக்கு வரைந்த சின்னச் சதுரம் இருந்தது. "அங்க வீடு இருக்குல்ல."

ஜன்னலோரத்தில் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. கொத்தனார் எழுந்து வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளுடைய திரையை ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. அன்று அவள் தோளுக்கு மேலே குனிந்து, அந்தச் சதுரத்தையும் அதைச் சுற்றிக்கொண்டு போன கோணல் கோட்டையும் பார்த்தார்.

"முளையத்தானே அடிச்சிருக்கேன்," என்றார். சதுரத்தின்மேல் விரலை வைத்தார். "பிடுங்கித் தள்ளி அடிச்சா ஆச்சு. நேராவே போடுங்கண்ணே."

"அடுத்த வீடு கட்டறப்பத் தள்ளி அடிச்சுக்க," என்றார் மாமா.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாத்துல பாதிய என்ன பண்றது, படியை அடைச்சுக்கிட்டு இருக்கே என்றாள். மாமா கதவோரம் போய்ப் புதுத் தொப்பியை எடுத்து ஆணியில் மாட்டினார். நாளைக்குக் கிடையாது, தூறல் விடட்டும் என்றார். குரலில் அலுப்பு இருந்தது, அவ்வளவுதான். டீ ஆறிப்போயிருந்தது. அக்கா சுடவைக்கப் போனாள்.

அவள் உட்கார்ந்து, வீடு இருக்கிற பக்கத்தைத் தன் பக்கம் என்று குறித்தாள். கொத்தனார் இன்னும் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். சேமிக்கப் போனபோது, கோடு சீராக இல்லை, சீராக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எல்லாக் கோட்டுக்கும் அது கேட்கிற கேள்விதான். அவள் வேண்டாம் என்று அமுக்கினாள்.